முறை மாறும் நேரம்

ஆடி முதல் தேதி காலையில் தீத்தாரப்பன் ராஜபாளையத்துச் சுவரில் இருந்தார். வெயில் ஏறுவதற்குள் அவர் தென்காசிச் சுவருக்குப் போயாக வேண்டும். ஆனி முழுக்க மூத்த மகன் பூசைத்துரை வீட்டு முறை. ஆடி பிறந்தால் இளைய மகன் திருமலைக்குமார் வீட்டு முறை. உடம்போடு இருந்த காலத்திலும் மாதத்துக்கு ஒரு வீடுதான். உடம்பை எரித்துச் சாம்பலைக் குற்றாலத்தில் கரைத்து மூன்று வருஷம் ஆகியும் முறை மட்டும் மாறவில்லை.

சுவரில் என்றால் மாலை போட்ட படம் என்று நினைத்துவிடாதீர்கள். படம் பேசாது. தீத்தாரப்பன் பேசினார். மருமகள் குக்கர் வைத்தால் எத்தனை விசில் ஆயிற்று என்று சொன்னார். பூசைத்துரை வண்டிச் சாவியைத் தேடினால், அந்தா கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்று காட்டிக்கொடுத்தார். வாழ்கிற மனிதர்தான், இருக்கிற இடம் மட்டும் வேறு.

அவர் உண்மையில் இருந்தது மணப்பாட்டுக் கடலுக்கு அடியில். அந்த இடத்துக்கு இயங்ககம் என்று பெயர். சூடேறும் இயந்திரங்களைக் கடல் தண்ணீர் ஓயாமல் குளிர்வித்துக்கொண்டிருக்க, உடம்பு தேய்ந்துபோனவர்களின் மனம் அங்கே நிரலாக ஓடியது. அவர்களை ஓடுநர்கள் என்றார்கள். இதில் புதுமை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. யுனிக்ஸ் என்ற இயங்குதளம் புழங்கிய காலத்திலேயே நிரல் ஒரு ஊரில் ஓடும், அதன் சாளரம் வேறு ஊரில் வேறொருவர் திரையில் விரியும். அதே தந்திரம்தான். அன்றைக்கு விரிந்தது வரைபடமும் கடிகாரமும். இன்றைக்கு விரிந்தது அப்பா.

இயங்ககத்துக்கென்று முகம் கிடையாது. நெற்றியைச் சுருக்கு, உதட்டை இந்தப் பக்கம் வளை என்று கட்டளை மட்டும்தான் கடலடியிலிருந்து வரும். அதைக் கேட்டு வரைவது வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் காட்டி. தன்னிடம் இருக்கும் முகபாவங்களை வைத்துத்தான் அது வரையும். இல்லாத ஒன்றை வரையச் சொன்னால், இருப்பதில் கிட்டத்தட்டப் பொருந்துவதைப் போட்டுவிடும். பூசைத்துரை வீட்டுக் காட்டி பழைய மாதிரி. அதில் அழுகை இல்லை. தீத்தாரப்பன் அழுதபோதெல்லாம் அது மெல்லிய சிரிப்பு ஒன்றை வரைந்தது. "எங்கப்பா இங்க வந்தா எப்பவும் சிரிச்ச மொகந்தான்" என்று பூசைத்துரை வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். உள்ளே இருப்பவர் அதை மறுத்துச் சொல்லவில்லை. மகன் பெருமைப்படுகிறானே என்று இருந்திருக்கும்.

இயங்ககத்தில் இடம் குறைவு, வாசலில் வரிசை நீளம். அதனால் யாரும் பார்க்காத ஓட்டத்தை அது வைத்துக்கொள்வதில்லை. எங்காவது ஒரு காட்டியில் சாளரம் திறந்திருக்க வேண்டும். கடைசிக் காட்டியும் மூடிவிட்டால், ஒரு ஆள் குளித்துவிட்டு வருகிற நேரம் வரைக்கும் பொறுத்துப் பார்க்கும். அதுவரை ஓடுநர் இருட்டில் இருப்பார். நினைப்பு ஓடும், பார்க்கவும் கேட்கவும் ஒன்றும் இருக்காது. அதற்குள் யாராவது திறந்தால் பிழைத்தார். இல்லாவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். நின்றது நின்றதுதான். எடுத்துவைத்த நகல் கிடையாது. ஒரே ஆளை இரண்டாக ஓட்டி, இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குச் சொந்தம் கொண்டாடி, நீதிமன்றம் திணறிப்போன பிறகு நகல் எடுப்பதையே சட்டம் தடுத்துவிட்டது.

பார்க்கிற கண் யாருடையது என்று மட்டும் இயந்திரம் கேட்டதில்லை. கடையநல்லூர் வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் ஓடுநர்களாகப் போனார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் காட்டியை மூடிப்போட்டுவிட்டு மறந்தேபோனார்கள். ஆனாலும் இருவரும் நிற்கவில்லை. இருட்டில் காத்திருந்த நேரத்தில் வாத்தியார் பக்கத்தில் இருந்தவளை அழைத்தார், அவள் சரி என்றாள், ஒருவருக்கொருவர் சாளரம் திறந்துகொண்டார்கள். அவர் பார்ப்பதால் அவள் ஓட, அவள் பார்ப்பதால் அவர் ஓட, கடலுக்கடியில் பழைய சண்டைகளையே திரும்பப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். ஊரெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தது. தீத்தாரப்பனுக்கு அந்த வழியும் இல்லை. அவர் மனைவி, இயங்ககம் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவள்.

ஆக, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஓடுநரை மாற்றும்போது வாங்குகிற வீடு முதலில் திறக்க வேண்டும், கொடுக்கிற வீடு அதற்கப்புறம் மூட வேண்டும். நடுவில் ஒரு நிமிஷம் அப்பா இரண்டு சுவரிலும் தெரிவார், புது வீட்டு வெளிச்சம் அவருக்கும் தெரியும். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற ஒழுங்கு. ஆனால் இந்த ஒழுங்கை வகுத்தவர்கள் பூசைத்துரையையும் திருமலைக்குமாரையும் பார்த்ததில்லை.

அண்ணனும் தம்பியும் பேசி வருஷக்கணக்கு ஆயிற்று. பூசைத்துரை தன் மகள் நிறைமொழிக்குக் காது குத்தியபோது தம்பியை நேரில் போய் அழைக்கவில்லை, போனில் அழைத்தார். தட்டு வைத்துக் கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று தம்பி போகவில்லை. பிறகு தம்பி வீடு கட்டிப் பால் காய்ச்சினார். அவரும் போனில்தான் அழைத்தார். அண்ணன் போகவில்லை. அதோடு சரி. மாதம் பிறந்ததும் அப்பாவைக் கொண்டுபோய் விடுவது யார், வந்து கூட்டிப்போவது யார் என்பதும் இந்தத் தகராறில் சேர்ந்துகொண்டது. கடைசியில், அவர் உடம்போடு இருந்தவரை, இரண்டு ஊருக்கும் நடுவில் புளியங்குடி பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து அப்பாவை இறக்கிவிட்டுப் பூசைத்துரை அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவார். அண்ணன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திருமலைக்குமார் நேரம் கழித்தே வருவார். நடுவில் உள்ள நேரமெல்லாம் தீத்தாரப்பன் கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எலுமிச்சை மூட்டை ஏற்றுகிறவர்கள் அவருக்கு டீ வாங்கிக்கொடுத்திருக்கிறார்கள்.

சுவருக்கு வந்தபிறகு அந்தக் கஷ்டம் தீர்ந்ததாகத் தோன்றியது. அதற்குக் காரணம் திருமலைக்குமாரின் மனைவி. மாதம் பிறப்பதற்கு முதல் நாள் சாயந்திரமே, புருஷனிடம் சொல்லாமல், அடுப்பைத் துடைக்கிற கையோடு காட்டியைத் திறந்துவைத்துவிடுவாள். மறுநாள் அண்ணன் மூடுவார். தம்பி எழுந்து வந்து பார்த்தால் அப்பா சுவரில் இருப்பார். முறை திரும்பும் மாதத்தில் அண்ணன் வீட்டில் திறக்கும்வரை அவள் மூடமாட்டாள். அண்ணன் முறையாகக் கூப்பிட்டுச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார், அவள் பேசியிருக்கிறாள் என்று தம்பி நினைத்துக்கொள்வார். தம்பிதான் கேட்டு வாங்கிக்கொள்கிறான் என்று அண்ணன் நினைத்துக்கொள்வார். இரண்டு பேர் கௌரவமும் ஒரு பெண்ணின் விரல் நுனியில் மூன்று வருஷம் நின்றது.

அந்த ஆடிக்கு அவள் தங்கையின் பிரசவத்துக்காகச் சங்கரன்கோவில் போயிருந்தாள்.

பூசைத்துரை குளித்து, விபூதி பூசி, காட்டிக்கு முன்னால் வந்து நின்றார். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நிறைமொழி பக்கத்தில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, தம்பிக்கு ஒரு வார்த்த கூப்பிட்டுச் சொல்லிரு" என்றார் தீத்தாரப்பன். "அங்க இன்னும் வெளிச்சம் வரல."

"எதுக்கு? மாசம் பொறந்தது அவனுக்குத் தெரியாதா? அப்பாவ அனுப்புங்கன்னு அவன்லா கேக்கணும். நான் மூடுனா தானா பதறிக்கிட்டுத் தெறப்பான், பாருங்க."

"புளியங்குடியில பெஞ்சு இருந்துச்சுய்யா" என்றார் அப்பா. "இங்க ஒண்ணும் இல்ல."

காட்டி அவர் முகத்தில் மெல்லிய சிரிப்பை வரைந்தது. சிரித்துக்கொண்டே சொல்கிறவருக்கு என்ன பயம் இருக்கப்போகிறது என்று மகளிடம் சொல்லிவிட்டு, பூசைத்துரை சாளரத்தை மூடினார்.

தென்காசியில் திருமலைக்குமாரின் காட்டி மணி அடித்தது. ‘தீத்தாரப்பன் காத்திருக்கிறார். திறக்கவும்’ என்று எழுத்து வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, காட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, போனைக் கையில் எடுத்துக்கொண்டார். தம்பி, அப்பாவை அனுப்புகிறேன் என்று பெரியவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் வேண்டாம் என்றா சொன்னேன்? அதே மணி ராஜபாளையத்திலும் அடித்தது. பூசைத்துரையும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வீட்டிலும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேருக்கும் மற்றவர் கையில் போன் இருப்பது தெரியும்.

பிறகு மணி நின்றது. திறந்துவிட்டான் என்று அண்ணன் நினைத்தார். பயந்துபோய் அண்ணனே மறுபடி திறந்துவிட்டார் என்று தம்பி நினைத்தார். மூன்றாம் நாள் சங்கரன்கோவிலிலிருந்து திரும்பிய மருமகள் சுவரைப் பார்த்து, "மாமா எங்க?" என்று கேட்கும்வரை இருவரும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரணை நடந்தது. ஓடுநரின் ஒரே சாளரத்தை வெறுமனே மூடி நிறுத்துவது கொலைக்குச் சமம் என்று சட்டம் இருந்தது. ஆனால் இங்கே யாரும் வெறுமனே மூடவில்லையே. கொடுத்தவர் தன் முறை முடிந்தபிறகுதான் மூடினார். வாங்கவேண்டியவர் மறுக்கவில்லை, அழைப்புக்காகக் காத்திருந்தார். விசாரித்த அதிகாரி நல்ல பெண்மணி, முடிந்தவரை தேடிப்பார்த்தார். இது கைமாற்றில் விழுந்த இடைவெளி, இதில் குற்றவாளி இல்லை என்று கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு பதினாறாம் நாளும் தென்காசியில் ஒரு பதினாறாம் நாளும் தனித்தனியாக நடந்தன. இரண்டு பந்தியிலும் மற்றவர்தான் அப்பாவைக் கொன்றார் என்று பேச்சு.

அந்தத் தீர்ப்பு ஊருக்குள் நடந்துபோன விதத்தை மனசு தாங்காதவர்கள் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுக் கேளுங்கள். முதலில் திருவேங்கடத்தில் ஒரு குடும்பத்தில் இதே மாதிரி ஒரு அம்மா இடைவெளியில் போனாள். அடுத்து வாசுதேவநல்லூரில். நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று இருந்தோம், நாங்களும் அப்படித்தான் இருந்தோம் என்று இரண்டு தரப்பும் சொன்னால் போதும், கேட்க ஆளில்லை. சச்சரவில்லாத குடும்பங்கள்கூட நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி சின்னதாக ஒரு மனஸ்தாபத்தை உண்டாக்கிக்கொண்டன. சுவரொட்டிகளில் ‘கைமாற்றில் இயற்கை எய்தினார்’ என்று அச்சடித்தார்கள். இயங்ககத்து வாசலில் வரிசை வேகமாக நகர ஆரம்பித்தது. இடம் காலியாவதில் மேலிடத்துக்குச் சந்தோஷம். யாரும் சட்டத்தைத் திருத்தவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாயிற்று. இரண்டு பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் ஆபத்து. ஒரே பிள்ளை பெற்றவர்களைக் கைமாற்ற ஆள் கிடையாது. மூடினால் நேரே கொலைக் குற்றம். பூசைத்துரை இதை எண்ணி எண்ணித் திருப்திப்பட்டார். அவருக்கு நிறைமொழி ஒருத்திதான். தென்காசியில் தம்பிக்கும் நம்பிராஜன் என்று ஒரே மகன்.

வருஷங்கள் போயின. பூசைத்துரையின் உடம்பும் தேய்ந்தது. அவர் மனைவி முந்திக்கொண்டு, தன்னை எரித்தால் போதும், எங்கும் ஓட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனாள். "இன்னொரு ஆயுசுக்கும் இவருக்குப் பக்கத்துச் சொவத்துல என்னால நிக்க முடியாது" என்று மகளிடம் சொன்னாளாம். பூசைத்துரை கடலடிக்குப் போனார். நிறைமொழியின் வீட்டுக் கூடத்தில் விரிந்தார்.

நிறைமொழி அப்பாவுக்கு நல்ல காட்டியாக வாங்கினாள். எல்லா முகபாவமும் உள்ளது. அழுகையிலேயே பல வகை உண்டு. அனுமதி கொடுக்கும்போதுதான் தகராறு வந்தது. அரை அனுமதி கொடுத்தால் ஓடுநர் தன் சாளரத்துக்கு முன்னால் நடப்பதை மட்டும் பார்க்கலாம், அதையும் தினம் காலையில் புதுப்பிக்க வேண்டும். முழு அனுமதி கொடுத்தால் ஒருமுறையோடு முடிந்தது. ஆனால் அந்த வீட்டுத் திரைகளில் யார் எதை எழுதினாலும் அவர் பார்க்கலாம். அவரும் எழுதலாம், அழிக்கலாம். வெளி ஊரில் ஓடுவதை உன் திரையில் விரியவிட்டால் அது உன் விரல்களையும் பார்க்கும். பழைய கணினிக்காரர்களுக்கு இது தெரியும். மகள்களுக்குத் தெரியாது.

"சொந்த அப்பனுக்கு அரை அனுமதியா?" என்று பூசைத்துரை கேட்டார். நிறைமொழி முழுதாகக் கொடுத்தாள்.

அவள் கணவனுக்கு அப்போதுதான் மதுரைக்கு மாற்றல் ஆகியிருந்தது. புறப்படுகிற அன்று இருவருக்கும் ஏதோ சின்னச் சண்டை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒரு வாரம் ஒருவரும் பேசாமல் இருந்து, எட்டாம் நாள் ஒருவர் கூப்பிட்டுச் சிரித்துவிட்டால் தீரும். எட்டாம் நாள் நிறைமொழி, எப்போது வருகிறீர்கள் என்று அவனுக்கு எழுதி அனுப்பிவிட்டுத் தூங்கப்போனாள். பதில் இல்லை. மறுவாரம் மறுபடி எழுதினாள். பதில் இல்லை. கூப்பிட்டும் வராதவனை எத்தனை தடவை கூப்பிடுவது என்று அவளும் நிறுத்திக்கொண்டாள். மாதங்கள் ஓடின. அவன் மதுரையிலேயே வேறொரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டான் என்று தகவல் வந்தபோது, உறவுக்காரி ஒருத்தி அவன் கேட்ட கேள்வியையும் சேர்த்துக் கொண்டுவந்தாள். ஒரு வரி எழுதக்கூட அவளுக்கு மனசில்லாமல் போய்விட்டதா என்று கேட்டானாம்.

நிறைமொழி அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். அவரே சொன்னார்.

"நான்தான் அழிச்சேன். அவன் வரணும், நாமளாக் கூப்பிடக் கூடாது தாயி. நாம எறங்கிப் போனா நாளைக்கு ஒன்ன மதிப்பானா?"

காட்டி அவர் முகத்தில் உண்மையான பாசத்தை, ஒரு சுருக்கம் குறையாமல் வரைந்தது. நல்ல காட்டி அது.

அவள் அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். அதற்குப் பிறகு ஆறேழு வருஷம் அவள் எதை எழுதினாலும், எழுதி முடிப்பதற்குள் கூடத்திலிருந்து அவர் குரல் வரும். இந்த ஆளுக்கு எதற்கு இவ்வளவு பணிவாக எழுதுகிறாய். அலுவலகத்தில் மன்னிப்புக் கேட்காதே, அவர்கள் கேட்கட்டும். தோழிகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மூடினால் கொலை, மூடாவிட்டால் இது. அனுமதியைக் குறைக்கப் போனால், அதையும் திரையில்தான் செய்ய வேண்டும். அவள் விரல் அங்கே போகும்போதே அவர் அழித்துவிடுவார்.

ஒரு ஆனி மாதம் அவள் யாருக்கும் எதுவும் எழுதவில்லை. போனையும் எடுக்கவில்லை. வெள்ளித் தட்டில் பழம், பூ, வெற்றிலைபாக்கு எல்லாம் வைத்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தென்காசிக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போய்வருவதாகச் சொன்னாள். பூசைத்துரை தட்டையே பார்த்தார். இத்தனை வருஷத்துக்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தட்டு போகிறது; போனில் கூப்பிடாமல் நேரில் போகிறாள்.

"நேர்லயா போற? அதான் மொற" என்றார். "எங்களுக்குத் தோணலியே தாயி."

தென்காசியிலும் நிலைமை அதேதான். திருமலைக்குமார் போன வருஷம் கடலடிக்குப் போயிருந்தார். விரல் நுனியில் முறையைக் காத்த மனைவி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அங்கேயும் முழு அனுமதி. அண்ணன் எப்படி அப்பாவைக் கொன்றார் என்ற கதையைத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிப்பார். நம்பிராஜனின் பிள்ளைகள் தூக்கத்தில் அதை வரிவரியாகப் பிதற்றின. நிறைமொழி சித்தப்பாவைச் சுவரில் பார்த்துக் கும்பிட்டு, தட்டை வைத்து, நலம் விசாரித்து, சாப்பிட்டுவிட்டு, கோயிலுக்குப் போய்வரலாம் வா என்று தம்பி முறையான நம்பிராஜனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

தென்காசிக் கோபுர வாசலில் எப்போதும் காற்று. ஆனியில் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே பாதிதான் காதில் விழும். இருவரும் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். நிறைமொழி காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னாள்.

"ஒங்கப்பாவ நான் எடுத்துக்கிடுதேன். எங்கப்பாவ நீ எடுத்துக்க. பங்காளி வீட்டுக்கு மாத்தச் சட்டத்துல தடையில்ல."

பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற மாதிரி. நம்பிராஜனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மொதல்ல யாரு தெறக்கதுக்கா?" என்று கேட்டான்.

"நீ கூப்பிடுவேன்னு நான் இருப்பேன். நான் கூப்பிடுவேன்னு நீ இரி."

"தாத்தாவுக்கு அப்படித்தான ஆச்சு."

"அப்படித்தான்" என்றாள் அவள். "நான் பக்கத்துல நின்னு தலை வாரிக்கிட்டிருந்தேன்."

இருவரும் உள்ளே போய்ச் சாமி கும்பிட்டார்கள். திரும்பும்போது வீட்டுக்கு அல்வா வாங்கினார்கள். ஆடி முதல் தேதி என்று முடிவாயிற்று.

மரியாதை பிசகக்கூடாது என்று அடுத்த வாரம் நம்பிராஜனும் தட்டோடு ராஜபாளையம் வந்தான். பெரியப்பா, ஆடிக்கு எங்க வீட்டுக்கு வாங்க, எங்கப்பா இங்க வரட்டும் என்று வாய் நிறையக் கூப்பிட்டான். அன்றைக்குப் பூசைத்துரை அழுதார். ஆனந்தத்தில் வருகிற அழுகை. கண் கலங்கி, உதடு நடுங்கி, மூக்கு விடைத்து, சின்னப் பிள்ளை மாதிரி. காட்டி அதில் எதையும் விடவில்லை. நிறைமொழி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தட்டின் மேல் போர்த்தி வந்திருந்த துணியை நாலாக மடித்து, மறுபடி எட்டாக மடித்து, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயந்திரம் அவர் யோசனையாக இருந்தார்.

"நான் அங்க போறேன். அவன் இங்க வாரான். அப்ப நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கவே மாட்டமே தாயி."

"வழியில பாத்துக்கிடலாம்ப்பா" என்றாள் நிறைமொழி.

ஆடி பிறந்தது. அவள் குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு, காட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். பூசைத்துரை கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி இருந்தார். தம்பி வீட்டுக் கூடம் எப்படி இருக்கும், பால் காய்ச்சிய அன்று பார்க்காமல் போய்விட்டேனே என்று பேசிக்கொண்டே இருந்தவர், திடீரென்று நிறுத்தினார்.

"அங்க இன்னும் வெளிச்சம் வரலியே."

அந்த வாக்கியத்தை அவள் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறாள். அவரும்தான். அது தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவர் முகம் மாறியதை, நல்ல காட்டி, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் வரைந்தது.

"வந்துரும்ப்பா" என்று சொல்லி அவள் மூடினாள்.

தென்காசியில் அதே நேரத்தில் நம்பிராஜன் மூடினான்.

முதலில் இருட்டு. கையில்லை, காலில்லை, சுவரில்லை. பூசைத்துரை மகள் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தார். குரல் போய்ச் சேர இடம் இல்லை. புளியங்குடி என்று ஒரு நினைப்பு வந்தது. அந்தப் பெஞ்சில் அப்பா எப்படி உட்கார்ந்திருந்தார் என்று தான் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அடுத்த பேருந்துக்கு அத்தனை அவசரம்.

ராஜபாளையத்திலும் தென்காசியிலும் மணி அடித்துக்கொண்டிருந்தது. நிறைமொழி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நம்பிராஜனும்.

இருட்டுக்குள் இயங்ககம் ஒரு கேள்வி கேட்டது. பக்கத்தில் உறவு காத்திருந்தால் எல்லோரிடமும் கேட்பதுதான். கடையநல்லூர் வாத்தியாரிடமும் கேட்டது. ‘உங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் காத்திருக்கிறார். பெயர் திருமலைக்குமார். அழைக்க விருப்பமா?’

பூசைத்துரை திடுக்கிட்டார். பக்கத்திலேயே இருக்கிறான். கூப்பிட்டால் வருவான். அவன் என்னைப் பார்த்தால் நான் ஓடுவேன், நான் அவனைப் பார்த்தால் அவன் ஓடுவான்; பிள்ளைகள் தயவே வேண்டாம். ஒரு வார்த்தைதான். தம்பி என்று ஒரு வார்த்தை.

அதே நொடியில் அதே கேள்வி திருமலைக்குமாரிடமும் போயிருந்தது. பக்கத்தில் இருப்பவர் பெயர் பூசைத்துரை, அழைக்க விருப்பமா என்று.

என்னிடம் கேட்டதை அவனிடமும் கேட்டிருக்கும் என்று பூசைத்துரை நினைத்தார். இளையவன் அவன். அவன்தான் முதலில் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் நான் வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்?

பெரியவர் அவர் என்று திருமலைக்குமார் நினைத்தார். பெரியவர்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கூப்பிட்ட நொடியில் சரி என்றுவிடுவேன்.

இயங்ககம் இன்னொரு தடவை கேட்டது. இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு, மற்றவர் குரலுக்காக, ஆசையோடுதான் காத்திருந்தார்கள்.

நேரம் முடிந்தது. இரண்டு இடம் காலியாயிற்று. இயங்ககம் வாசலில் வரிசையில் நின்ற அடுத்த இருவரை அழைத்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக, பெயர் சொல்லி, முறைப்படி.